வரலாற்று வகுப்பில் கால்பந்து: கேள்வியிலிருந்து தொடங்கும் பாடத்திட்டம்

கால்பந்தை வைத்து வரலாறு நடத்தும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஆட்டத்தின் கதையைச் சொல்லி முடித்ததும் பாடமும் முடிந்தது என்று விட்டுவிடுவோம். கதை சுவாரசியமாக இருக்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், மணியும் அடித்துவிடும். அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள், ஸ்கோரைத் தவிர எதுவும் நினைவில் இருக்காது.

அதனால் முதலில் கேள்வியை எழுதுங்கள், அப்புறம் அதற்கேற்ற ஆட்டத்தைத் தேடுங்கள். "1911-இல் ஆங்கிலேயர் அணியை வென்றது யார்?" என்பது ஒரு மார்க் கேள்வி. "அந்த வெற்றியால் ஆட்சியில் ஏதாவது மாறியதா? மாறியது என்றால் எதை வைத்துச் சொல்கிறாய்?" என்பதில்தான் பாடம் இருக்கிறது. ஒரு ஆட்டம் வகுப்புக்குத் தகுமா என்று பார்க்க, அதைப் பற்றி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு விளக்கங்களாவது இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிற ஆட்டத்தில் பிள்ளைகள் யோசிக்க எதுவும் மிஞ்சாது.

கீழே உள்ளவை 40 பேர் கொண்ட வகுப்புக்கும் 45 நிமிடப் பீரியடுக்கும் கணக்கிட்டவை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பொருந்தும். புரொஜெக்டர் தேவையில்லை. ஜெராக்ஸ், உறைகள், சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா போதும்.

1911: மோகன் பகானும் வங்கப் பிரிவினையும் (இரண்டு பீரியடு)

பத்தாம் வகுப்பு வரலாற்றில் வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் வருகின்றன. அந்தப் பாடத்துக்கு முன்னால் இதை நடத்தாதீர்கள், பாடம் முடிந்த கையோடு நடத்துங்கள். பின்னணி தெரியாத பிள்ளைக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தியாகத்தான் படும்.

ஐந்து பேர் வீதம் எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உறை, அதற்குள் ஆறு துண்டுச் சீட்டுகள்:

1905 அக்டோபர் 16: வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது.
1906: தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்.
1908 மார்ச்: வ.உ.சி. கைது, திருநெல்வேலியில் கலவரம்.
1911 ஜூலை 29: கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கால்பந்துக் கோப்பையின் இறுதிப்போட்டி. கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அணியை கல்கத்தாவின் இந்தியக் கிளப்பான மோகன் பகான் 2–1 என்று வென்றது.
1911 ஆகஸ்ட் 25: பிரிவினையை ரத்து செய்து தலைநகரை டெல்லிக்கு மாற்றலாம் என்று வைஸ்ராய் ஹார்டிஞ்சின் அரசு லண்டனுக்கு எழுதியது.
1911 டிசம்பர் 12: டெல்லி தர்பாரில் இரண்டும் அறிவிக்கப்பட்டன.

ஏழாவது சீட்டை உறைக்குள் போடாமல் உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று பிறகு வருகிறது.

முதல் பீரியடு. முதல் பத்து நிமிடம் மோகன் பகான் அணியின் 1911-ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டுங்கள். ஒரு தாளில் கோடு கிழித்து, இடப்பக்கம் கண்ணால் பார்த்ததை மட்டும், வலப்பக்கம் ஊகித்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "ஏழைகள்" என்று இடப்பக்கம் எழுதுவார்கள். அதை வலப்பக்கம் மாற்றச் சொல்லி, ஏன் என்று அவர்களையே கேளுங்கள். உண்மையில் அந்த அணியில் இருந்தவர்கள் பலரும் படித்த நடுத்தரக் குடும்பத்தினர். காலணி போடாமல் ஆடியதற்கு வறுமை மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது பேச்சிலேயே வெளிவரும்.

அடுத்த ஐந்தே நிமிடத்தில் ஆட்டத்தைச் சொல்லி முடியுங்கள். கல்கத்தா மைதானத்தில் பெருங்கூட்டம். பின்வரிசையில் நின்றவர்களுக்கு ஸ்கோர் தெரிய பட்டம் பறக்கவிட்டார்கள். முதல் கோல் ராணுவ அணிக்கு. சமன் செய்தவர் கேப்டன் சிப்தாஸ் பாதுரி. கடைசி நிமிடங்களில் வெற்றி கோல் அபிலாஷ் கோஷுடையது. பதினொரு பேரில் சுதிர் சட்டர்ஜி மட்டுமே காலணி அணிந்து ஆடினார். இதற்கு மேல் வர்ணனை வேண்டாம். ஆட்டத்திலேயே பதினைந்து நிமிடம் போனால் மீதி வேலை நடக்காது.

கூட்டம் ஏன் அப்படி வந்தது என்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பலரும் விட்டுவிடுகிற பகுதி இது. வங்காளிகள் உடல் வலுவற்றவர்கள், போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகள் பல தலைமுறையாக எழுதிவந்தார்கள். ராணுவத்துக்கு ஆளெடுப்பதிலும் "போர்க்குணம் உள்ள இனங்கள்" என்று தரம் பிரித்தார்கள். அப்படி முத்திரை குத்தப்பட்டவர்கள், ராணுவ அணி ஒன்றை, அதுவும் வெறுங்காலுடன் வென்றார்கள். இதைச் சொன்ன பிறகுதான் 2–1 என்ற எண்ணுக்கு அர்த்தம் வரும்.

மீதி நேரத்தில் ஆறு சீட்டுகளையும் சார்ட்டில் ஒட்டி, எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் "ஏனென்றால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் ஜூலை 29-இலிருந்து ஆகஸ்ட் 25-க்கும், அங்கிருந்து டிசம்பர் 12-க்கும் தடியான அம்பு போடும். நாள் கணக்கு அப்படித்தான் இழுக்கிறது. கால்பந்தில் தோற்ற ஆங்கிலேயர் பயந்துபோய் தலைநகரையே மாற்றிவிட்டார்கள் என்று பெரியவர்களும் சொல்வது உண்டு. இப்போதைக்குத் திருத்தாதீர்கள். சார்ட்டுகளை அப்படியே சுவரில் மாட்டிவிட்டு வகுப்பை முடியுங்கள்.

இரண்டாம் பீரியடு. வந்ததும் ஏழாவது சீட்டைக் கொடுங்கள்:

1911 ஜூன்: பிரிவினையை ரத்து செய்வது, தலைநகரை மாற்றுவது பற்றிய யோசனை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் குறிப்பாக முன்வைக்கப்பட்டது.

வேறெதுவும் சொல்ல வேண்டாம். சார்ட்டில் இதை எங்கே ஒட்டுவது என்று மட்டும் கேளுங்கள். ஒட்டியதுமே நேற்றைய தடித்த அம்பு நிற்காது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். ஆட்டம் நடப்பதற்கு முன்பே யோசனை மேசைக்கு வந்துவிட்டதே! முன்னால் நடந்தது என்பதற்காகவே ஒன்று பின்னால் நடந்ததற்குக் காரணமாகிவிடாது என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது. பழைய அம்பைக் கிழிக்கவிடாதீர்கள். வேறு நிறத்தில் அடித்து, பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள். திருத்தம் கண்ணுக்குத் தெரிவது முக்கியம்.

இங்கே ஒரு சறுக்கல் வரும். "அப்படியென்றால் அந்த வெற்றியால் ஒரு பயனும் இல்லையா சார்?" என்று முகம் வாடிக் கேட்பார்கள். அதுதான் அடுத்த கேள்விக்கு வழி. சட்டம் மாறுவது ஒரு விளைவு, மக்கள் தங்களைப் பற்றி நினைப்பது மாறுவது இன்னொரு விளைவு. இரண்டாவதை எந்தச் சான்றை வைத்து நிறுவுவது? அன்றைய செய்தித்தாள், பாட்டு, கடிதம், பிறகு தொடங்கப்பட்ட கிளப்புகளின் எண்ணிக்கை என்று குழுக்களே பட்டியல் போடட்டும்.

கடைசி இருபது நிமிடம் விவாதம். போட்டியின் விதி ஆங்கிலேயருடையது, கோப்பை அவர்கள் வைத்தது. ஆட்சி செய்பவனின் விளையாட்டில், அவன் விதிப்படியே அவனை வெல்வது எதிர்ப்பா, இல்லை அவன் வழியை ஏற்றுக்கொள்வதா? வகுப்பை இரண்டாகப் பிரித்து, பத்து நிமிடம் கழித்துக் கட்சி மாறிப் பேசவிடுங்கள். கட்சி மாறாவிட்டால் நன்றாகப் பேசுகிற நான்கு பேர் மட்டும் மோதிக்கொள்வார்கள், மற்ற முப்பத்தாறு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். சுதேசிக் கப்பலையும் இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பேசலாம். அதுவும் அவர்கள் தொழிலில் இறங்கி அவர்களோடே போட்டி போட்டதுதான்.

நேரம் கிடைத்தால் மூன்றாவது பீரியடாகக் கல்கத்தாவின் மற்ற இரண்டு கிளப்புகளைச் சேர்க்கலாம். 1920-இல் ஈஸ்ட் பெங்கால் தொடங்கியது. 1947-க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அந்தக் கிளப்பைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். முஸ்லிம்களின் கிளப்பாக அறியப்பட்ட முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு கல்கத்தா லீக்கை வென்றது. ஊரை இழந்து வந்தவருக்கு ஒரு கிளப் என்ன தரும் என்பதே கேள்வி. ஒரு எச்சரிக்கை: வகுப்பில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் இருந்தால், "நீ சொல்லு" என்று அவர்களைச் சுட்டிக் கேட்காதீர்கள். தானாகப் பேச வந்தால் இடம் கொடுங்கள்.

1950: வெறுங்கால் வதந்தியைச் சோதிப்பது (ஒரு பீரியடு)

"வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா விடவில்லை, அதனால்தான் இந்தியா 1950 உலகக் கோப்பைக்குப் போகவில்லை." இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, நம்புகிறவர்கள் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையை ஓரத்தில் குறியுங்கள். பிறகு குழுவுக்கு ஆறு அட்டை:

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். பிரான்சிடம் 2–1 என்று தோற்றோம், நம் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.
தகுதிச் சுற்றிலிருந்து பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் விலகியதால் இந்தியா ஆடாமலே 1950-க்குத் தகுதி பெற்றது.
பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்க பிரேசில் முன்வந்தது.
பயிற்சிக்கு நேரம் போதவில்லை, அணித் தேர்வில் கருத்து வேறுபாடு என்று இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் காரணம் சொன்னது.
அக்காலத்து கேப்டன் சைலேன் மன்னா, காலணிக் கதை பிறகு சொல்லப்பட்ட சாக்கு என்று மறுத்தார்.
1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்ற பிறகே காலணி கட்டாயமாக்கப்பட்டது.

ஒவ்வொரு அட்டையையும் "ஆதரிக்கிறது", "மறுக்கிறது", "சம்பந்தமில்லை" என்று பிரிக்க வேண்டும். முதல் அட்டையில்தான் சண்டை வரும். அவர்கள் வெறுங்காலுடன் ஆடினார்கள் என்பதற்கு அது சான்று. அதற்காகத் தடுக்கப்பட்டார்கள் என்பதற்குச் சான்று ஆகாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் தாங்களே பிடிக்கும்வரை பொறுத்திருங்கள். மூன்றாவது அட்டை, பணம் இல்லை என்ற இன்னொரு பிரபலக் காரணத்தைப் பலவீனப்படுத்தும். நான்காவதில், ஒரு அமைப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லும் காரணத்தை எவ்வளவு நம்பலாம் என்று கேளுங்கள். ஐந்தாவதிலும் அதே சந்தேகம் எழ வேண்டும். மன்னா சொன்னதும் ஒருவரின் நினைவுதானே.

முடிவில் மறுபடியும் கை தூக்கச் சொல்லுங்கள். உறுதியான ஒற்றைக் காரணம் கிடைக்காமல் வகுப்பு முடியும். பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் வருவதைப் படிக்கும் கண் மாறுவதுதான் இந்தப் பீரியடின் பலன்.

1921: தடையும் நம் பள்ளி மைதானமும்

முதல் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனதால் இங்கிலாந்தின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிரெஸ்டன் நகரின் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் 1917-இல் ஓர் அணி அமைத்து, தர்மகாரியங்களுக்கு நிதி திரட்ட ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டது. இது 1971 வரை நீடித்தது.

தீர்மானத்தில் இரண்டு காரணங்கள் இருந்தன: பெண்களுக்கு இந்த விளையாட்டு பொருந்தாது என்பது ஒன்று. வசூலில் செலவுக்குப் போவது அதிகம், தர்மத்துக்குப் போவது குறைவு என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனி அட்டையில் எழுதிக் கொடுத்து, எதைச் சரிபார்க்க முடியும், எதற்கு யாரிடம் கணக்கு கேட்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பெண்கள் ஆடக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆட இடம் தர மறுத்தார்கள், அவ்வளவுதான். விளைவு என்னவோ ஒன்றுதான். இந்தக் கருத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். அடுத்த பயிற்சிக்கு அதுதான் சாவி.

இப்போது நம் மைதானம். ஐந்து வேலை நாட்கள், மதிய இடைவேளை. மாடி வராந்தாவிலிருந்து இரண்டு மாணவர்கள், மைதானத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க வேண்டும்: மாணவிக்கு வட்டம், மாணவனுக்குப் பெருக்கல் குறி, பந்து யாரிடம் இருக்கிறதோ அந்தக் குறியைச் சுற்றி இன்னொரு வட்டம். நாளுக்கு ஒரு தாள். பெயர் எதுவும் எழுதக்கூடாது. எண்ணுவது முன்கூட்டியே தெரிந்தால் ஆட்கள் நடந்துகொள்ளும் விதம் மாறிவிடும். அதனால் தலைமையாசிரியரிடமும் பி.டி. ஆசிரியரிடமும் மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

ஐந்து தாள்களையும் அடுத்தடுத்து ஒட்டினால் மைதானத்தின் நடுப்பகுதி யாருடையது, ஓரம் யாருடையது என்பது தெரிந்துவிடும். "அவங்களுக்கு இஷ்டம் இல்ல சார்" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். திட்டாதீர்கள், சான்று கேளுங்கள். விளையாட்டு அறையின் பந்து வழங்கும் பதிவேட்டில் மாணவிகள் பெயரில் எத்தனை முறை பந்து போயிருக்கிறது? பி.டி. பீரியடு எத்தனை முறை கணக்குப் பாடத்துக்குப் போனது, எந்த வகுப்பினுடையது? தேசிய சீனியர் பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு 2018-இலும் 2023-இலும் பட்டம் வென்றதையும் சொல்லுங்கள். இஷ்டம் இல்லை என்ற வாதம் அதோடு பாதி அடங்கும்.

கண்டுபிடித்ததை ஒரு கோரிக்கையாக எழுதாவிட்டால் இந்தப் பயிற்சி வெறும் குறைகூறலாக நின்றுவிடும். "செவ்வாய், வியாழன் மதியம் நடு மைதானமும் இரண்டு பந்தும் மாணவிகளுக்கு" என்பதுபோல நாள், இடம், பொருள் குறித்து ஒரு பக்கக் கடிதம் தலைமையாசிரியருக்குப் போக வேண்டும்.

சிறிய பயிற்சிகள் இரண்டு

பதினாறு நாற்காலி. 1966 உலகக் கோப்பையில் இடங்கள் 16. போட்டியை நடத்திய இங்கிலாந்தைச் சேர்த்து ஐரோப்பாவுக்குப் பத்து, நடப்புச் சாம்பியன் பிரேசிலைச் சேர்த்து தென் அமெரிக்காவுக்கு நான்கு, வட, மத்திய அமெரிக்காவுக்கு ஒன்று, ஆப்பிரிக்காவும் ஆசியாவும் சேர்ந்து மோத ஒன்று. வகுப்பை ஐரோப்பா 12, ஆப்பிரிக்கா 10, ஆசியா 8, தென் அமெரிக்கா 5, வட, மத்திய அமெரிக்கா 5 என்று பிரித்து நாற்காலிகளை இந்த விதிப்படி கொடுங்கள். பதினெட்டுப் பேர் ஒரே நாற்காலியைச் சுற்றி நிற்பார்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர்களைக் கேட்டு மூன்று நிமிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லுங்கள்: ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுசேர்ந்து விலகின. 1970 போட்டியில் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் கிடைத்தது, மொராக்கோ போனது. காலனியாதிக்கம் நீங்கிய பாடத்துக்கு இது நல்ல தொடக்கம். முதலிலேயே விடையைச் சொல்லிவிட்டால் நாற்காலி விளையாட்டு சப்பென்று போய்விடும்.

காரண அட்டை. 1969-இல் எல் சால்வடாரும் ஹோண்டுராஸும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மோதிய அடுத்த மாதமே, ஜூலை 14 அன்று, போரில் இறங்கின. "கால்பந்துப் போர்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. நெருக்கடியான சின்ன நாடான எல் சால்வடாரிலிருந்து நிலம் தேடி ஹோண்டுராஸுக்குப் போன லட்சக்கணக்கான குடியேறிகள், நிலச் சீர்திருத்தம் என்று அவர்களை வெளியேற்றியது, பத்திரிகைகள் மூட்டிய வெறுப்பு, மூன்று ஆட்டங்கள் என்று அட்டைகள் போடுங்கள். நீண்டகாலக் காரணம், உடனடிக் காரணம், தீப்பொறி என்று மூன்று அடுக்காகப் பிரிக்க வேண்டும். பிறகு ஆட்ட அட்டைகளை எடுத்துவிட்டு, போர் வந்திருக்குமா என்று கேளுங்கள். குடியேறிகள் அட்டையை எடுத்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.

எங்கே கோளாறு வரும்

கால்பந்து பிடிக்காத பிள்ளைகள் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். ஆட்டம் தெரிந்த பையன்கள் எல்லாக் குழுவிலும் தலைவர்களாகிவிட்டால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று தெரியாமலே இவை எல்லாவற்றையும் செய்ய முடியும்படி அட்டைகளை எழுதுங்கள். குழுவில் எழுதுபவர், பேசுபவர், நேரம் பார்ப்பவர் என்று சீட்டு போட்டுப் பொறுப்பு கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சாதி, மதம் சார்ந்த விஷயங்களை வேறொரு ஊரின், வேறொரு காலத்தின் ஆட்டத்தில் தொடங்குவது நல்லது. தூரத்துச் சம்பவத்தில் பிள்ளைகள் நேர்மையாகப் பேசுவார்கள். உள்ளூருக்கு வரும்போது ஆட்களைப் பற்றிப் பேசாமல் இடம், நேரம், பொருள் என்று எண்ணக்கூடியதைப் பற்றிப் பேசவையுங்கள். உள்ளூர் அணிகள் தெரு வாரியாகவோ சாதி வாரியாகவோ பிரிந்திருக்கிற ஊராக இருந்தால், வகுப்பில் அணிப் பெயர்களையே எடுக்க வேண்டாம்.

மதிப்பெண் போடும்போது ஸ்கோர், தேதி, வீரர் பெயர் நினைவிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். 10 மதிப்பெண்ணில் சான்றைக் கூற்றோடு பொருத்தியதற்கு 4, தன் முதல் கருத்தைத் திருத்திக் காரணம் எழுதியதற்கு 3, எதிர்க்கருத்தைச் சரியாக எடுத்துச் சொன்னதற்கு 2, தெளிவான எழுத்துக்கு 1. இந்தப் பங்கீட்டை முதல் நாளே சுவரில் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் ஆட்ட விவரங்களை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள்.